வீட்டுக்குள் காற்றைக் கெடுப்பது எது? ஏர் ப்யூரிஃபையர் வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி

எழுதியவர்: மாடிப்படி

வணக்கம். காற்றின் தரம் காட்டும் சின்னக் கருவி ஒன்றை வாங்கி வைத்ததிலிருந்து வீட்டில் நிம்மதி போய்விட்டது. அழுக்கெல்லாம் சாலையில்தான், உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டால் தப்பித்தோம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தோம். கருவி வேறு கதை சொல்கிறது. பகலெல்லாம் பி.எம். 2.5, அதாவது நுரையீரலுக்குள் போகும் அளவுக்கு நுண்ணிய துகள், பத்துக்குக் கீழே கிடக்கிறது, அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறியதும் 200, 300 என்று எகிறுகிறது, சமையல் முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகும் இறங்க மனசு வராமல் அங்கேயே நிற்கிறது. படுக்கையறையில் இன்னொரு கூத்து: கதவைச் சாத்திப் படுத்தால் விடிவதற்குள் கார்பன் டை ஆக்சைடு 2000 பிபிஎம்மை (பத்து லட்சம் பங்கு காற்றில் 2000 பங்கு) தாண்டிவிடுகிறது.

வீட்டில் வீசிங் உள்ள பிள்ளை உண்டு, அதனால்தான் பதற்றம். எந்த ஏர் ப்யூரிஃபையர் வாங்கலாம்? அடுப்பைத் தவிர வேறு எதெல்லாம் காற்றைக் கெடுக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எழுதியவர்: உலைமூடி

ப்யூரிஃபையரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். உங்கள் கருவியே பதிலைச் சொல்லிவிட்டது, நீங்கள்தான் அதைக் கேள்வி என்று நினைக்கிறீர்கள்.

முதலில் ஒரு கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பி.எம். 2.5-க்கு 24 மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரி 5. சாயங்காலம் ஒரே ஒரு மணி நேரம் 300-ல் நின்றால், மீதி 23 மணி நேரமும் காற்று பூஜ்யமாகவே இருந்தாலும் அன்றைய சராசரி 12.5 வந்துவிடும். அதாவது அன்றைய கோட்டா கிட்டத்தட்ட முழுசும் அந்த ஒரு மணி நேரத்திலேயே தீர்ந்துவிடுகிறது. வீட்டுக்குள் உள்ள மாசில் பெரும்பகுதி இப்படித்தான், நாள் முழுக்க ஒரே சீராக வருவதில்லை, நாம் எதையாவது பற்றவைக்கும்போதும் வறுக்கும்போதும் தெளிக்கும்போதும் குபீரென்று வரும்.

அடுப்பிலிருந்து வருவது இரண்டு வகை, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒன்று எரிபொருளால் வருவது. கேஸ் தீயின் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் டை ஆக்சைடு உண்டாகும். தீ நீல நிறத்தில் அழகாக எரிந்தாலும் உண்டாகும், கண்ணுக்குத் தெரியாது, உங்கள் கருவியும் பெரும்பாலும் அதைக் காட்டாது, ஆனால் வீசிங் உள்ள பிள்ளைக்கு இதுதான் முக்கியம். இரண்டாவது எண்ணெயும் உணவும் சூடேறுவதால் வருவது. இண்டக்ஷன் வாங்கினால் முதலாவது போகும், இரண்டாவது போகாது. எண்ணெய் புகையும் அளவுக்குச் சூடானால் எந்த அடுப்பானாலும் துகள் துகள்தான்.

சிம்னி இருக்கிறதா? இருந்தால் அதன் குழாய் எங்கே போகிறது என்று பாருங்கள். ஒரு வகை உண்மையிலேயே வெளியே தள்ளும், இன்னொரு வகை ஒரு சல்லடையில் காற்றைச் சுற்றவிட்டு உங்கள் முகத்துக்கே திருப்பி அனுப்பும். இந்த இரண்டாவது வகை எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும், வாயுவை அவ்வளவாகப் பிடிக்காது. வெளியே தள்ளுவதாக இருந்தாலும் பின்பக்க பர்னரில் வறுத்தால்தான் புகை ஒழுங்காக அதற்குள் போகும், முன்பக்கத்தில் வறுத்தால் பாதி உங்கள் மூக்குக்குத்தான்.

எழுதியவர்: பழையகதவு

எல்லாவற்றுக்கும் ஒரு கருவியை வாங்கி வைத்துக்கொண்டு பயந்து சாக வேண்டியதுதான். விறகடுப்பில் ஊதாங்குழலை வைத்து ஊதியவர்கள் எல்லாம் நன்றாகத்தான் வாழ்ந்தார்கள். எண் தெரியாத வரைக்கும் நோயும் தெரியாது.

எழுதியவர்: உலைமூடி

நன்றாக வாழ்ந்தவர்களைத்தான் நாம் பார்த்திருக்கிறோம் ஐயா, வாழாமல் போனவர்கள் வந்து சாட்சி சொல்ல மாட்டார்கள். விறகு, கரி, வறட்டி, மண்ணெண்ணெய் இவற்றால் வீட்டுக்குள் வரும் புகையால் 2020-ல் மட்டும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அதில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் மட்டுமே 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேல். அந்தக் காலத்துப் பெண்களுக்கு இருந்த இருமலை "வயசாகிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனோம், அவ்வளவுதான்.

எழுதியவர்: சோதனைக்குழாய்

நான் வேதியியல் பாடம் நடத்துபவன், அடுப்பை உலைமூடி பார்த்துக்கொள்ளட்டும், மற்றதை நான் சொல்கிறேன்.

வாசனை. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அறையில் நாற்றம் வந்தால் ரூம் ஸ்பிரே அடிக்கிறோம், தரை துடைக்க எலுமிச்சை மணம் வீசும் திரவம் வாங்குகிறோம், மணம் வந்துவிட்டால் சுத்தமாகிவிட்டது என்று மூளை நம்பிவிடுகிறது. எலுமிச்சை மணத்துக்குக் காரணமான லிமோனீன், பைன் மணத்துக்குக் காரணமான பைனீன் இரண்டும் டெர்ப்பீன் என்னும், எளிதில் ஆவியாகும் மணப்பொருள் வகை. இவை காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து ஃபார்மால்டிஹைடையும் மிக நுண்ணிய துகள்களையும் உண்டாக்கும். இயற்கையான எண்ணெய்தானே என்று சொல்லாதீர்கள், மரத்திலிருந்து வந்த லிமோனீனும் ஆலையில் செய்த லிமோனீனும் ஓசோனுக்கு ஒன்றுதான். சுத்தமான காற்றுக்கு மணமே கிடையாது.

அடுத்தது ஃபார்மால்டிஹைடே நேரடியாக வரும் இடம்: புது அலமாரி, புது மேசை. பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். பலகை எல்லாம் பசையால் ஒட்டப்பட்டவை, அந்தப் பசைகளில் பல யூரியா ஃபார்மால்டிஹைடு வகை. புதுப் பொருளைத் திறந்ததும் கண் கரிக்கிறதே, அதுதான். முதல் சில மாதங்களில் அதிகமாக வரும், அப்புறம் குறையும், ஆனாலும் வெயில் காலத்திலும் ஈரப்பதம் கூடும்போதும் மறுபடி தலைகாட்டும். இது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவிலேயே வைத்திருக்கிறது. குழந்தை பிறக்கப்போகிறது என்று கடைசி மாதத்தில் அறைக்குப் பெயின்ட் அடித்துப் புதுத் தொட்டில், புது அலமாரி எல்லாம் போடுகிறார்கள் பாருங்கள், அதைச் செய்வதாக இருந்தால் மிக முன்கூட்டியே செய்துவிட்டு, ஜன்னலைத் திறந்துபோட்டு வையுங்கள். பலகையின் வெட்டு முனைகள் மூடப்படாமல் இருந்தால் அங்கிருந்துதான் அதிகம் கசியும், விளிம்புப் பட்டை ஒட்டிய பொருளாகப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்றைக் கத்திச் சொல்ல வேண்டும். கழிவறை கழுவும்போது பிளீச்சையும் ஆசிட்டையும் ஒன்றாக ஊற்றாதீர்கள், குளோரின் வாயு வரும். பிளீச்சையும் அமோனியா கலந்த எதையும் சேர்க்காதீர்கள், குளோரமைன் வரும். "ரெண்டும் சேர்ந்தா நல்லா வெளுக்கும்" என்று செய்கிறவர்கள் இருக்கிறார்கள், சின்ன அறை, சாத்திய கதவு, குனிந்த தலை, அதோடு ஆஸ்பத்திரிதான்.

எழுதியவர்: வலைக்குள்தூக்கம்

கொசுவர்த்திச் சுருளை யாரும் சொல்லவில்லையே? ராத்திரி பூராவும் கட்டிலுக்கு அடியில் எரிகிறது, நாம் அதன் மேல் படுத்திருக்கிறோம்.

எழுதியவர்: சோதனைக்குழாய்

நல்லவேளை ஞாபகப்படுத்தினீர்கள். 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் சில சுருள்களை எரித்து அளந்தார்கள். ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வரும் பி.எம். 2.5, 75 முதல் 137 சிகரெட்டுகளிலிருந்து வருவதற்குச் சமம். ஃபார்மால்டிஹைடு, அதிகபட்சமாக 51 சிகரெட்டுக்குச் சமம். சுருளின் மருந்து மிகக் கொஞ்சம், மீதியெல்லாம் மரத்தூள் போன்ற எரியும் பொருள், அதன் வேலையே மெதுவாகப் புகைவது. கொசுவும் ஆபத்துதான், டெங்கு, மலேரியா உள்ள இடத்தில் சுருளை வைக்காதே என்று சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. ஜன்னலுக்கு வலை, கட்டிலுக்கு வலை, இரண்டும் புகையாது. சுருள்தான் வழி என்றால் வாசலிலோ பால்கனியிலோ வையுங்கள், தலைமாட்டில் வேண்டாம்.

ஊதுபத்தி, மெழுகுவர்த்தி எல்லாம் இதே குடும்பம். சோயா மெழுகு, தேன்மெழுகு என்று எதுவானாலும் எரிந்தால் துகள் வரும். திரி நீளமாக இருந்து சுடர் ஆடினால் கரி அதிகம், ஊதி அணைக்கும்போது வரும் அந்த வெள்ளைப் புகை இன்னும் மோசம். சிகரெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னலோரம் நின்று குடிக்கிறேன் என்பதெல்லாம் நமக்கு நாமே சொல்லிக்கொள்வது, புகை திரைச்சீலையிலும் சோபாவிலும் படிந்து, அணைத்த பிறகும் வெளியே வந்துகொண்டுதான் இருக்கும்.

எழுதியவர்: மாடிப்படி

எல்லோருக்கும் நன்றி. படுக்கையறைக் கார்பன் டை ஆக்சைடு பற்றி யாரும் சொல்லவில்லை. 2000 என்றால் விஷமா?

எழுதியவர்: அறைக்காற்று

விஷம் இல்லை. வெளிக்காற்றிலேயே இன்றைக்கு 420 பிபிஎம்முக்கு மேல் இருக்கிறது, மூடிய அறையில் இரண்டு பேர் மூச்சு விட்டால் ஏறத்தான் செய்யும். தலை கொஞ்சம் கனக்கலாம், காலையில் அசதியாக இருக்கலாம். ஆனால் அந்த எண் வேறொன்றைக் காட்டிக்கொடுக்கிறது: அந்த அறைக்குள் புதுக் காற்று வரவில்லை. மூச்சுக்காற்று வெளியேறாத அறையில் அலமாரிப் பசையின் ஆவியும் ஸ்பிரேயும் சளிக் கிருமியும் மட்டும் எப்படி வெளியேறும்? ஜெர்மனியில் பெட்டன்கோஃபர் என்ற விஞ்ஞானி 1858-லேயே அறைக்கு 1000 பிபிஎம் என்று எல்லை சொன்னார், இன்றைக்கும் பலர் அதையேதான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கதவை ஒரு சாண் திறந்து வைத்துப் படுத்துப் பாருங்கள், அதிலேயே நிறையக் குறையும்.

அவசரமாக ஒன்று. கார்பன் டை ஆக்சைடு வேறு, கார்பன் மோனாக்சைடு வேறு. உங்கள் கருவி காட்டுவது முதலாவதை. இரண்டாவதுதான் ஆளைக் கொல்லும், நிறமும் கிடையாது, மணமும் கிடையாது, ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். குளிருக்காக மூடிய அறைக்குள் கரிச்சட்டி வைப்பது, கரன்ட் போனதும் ஜெனரேட்டரை வராந்தாவிலோ ஜன்னலுக்கு அடியிலோ ஓட்டுவது, காற்றுப் போக்கு இல்லாத குளியலறையில் கேஸ் கீஸர், வீட்டோடு ஒட்டிய ஷெட்டில் வண்டியை ஸ்டார்ட் செய்து வைப்பது, இவைதான் வழக்கமான காரணங்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், வெளியே போனால் சரியாகிறது, உள்ளே வந்தால் திரும்புகிறது என்றால் காய்ச்சல் மாத்திரை தேடாதீர்கள், எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போங்கள். எரியும் கருவி எதுவானாலும் வீட்டில் இருந்தால் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டுங்கள். ப்யூரிஃபையருக்கு முன்னால் அதுதான்.

எழுதியவர்: பச்சைத்தொட்டி

இவ்வளவு பேசுகிறீர்கள், செடி வையுங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லையே. பாம்புச் செடி, மணி பிளான்ட் எல்லாம் காற்றைச் சுத்தம் செய்யும் என்று நாசாவே சொல்லியிருக்கிறது.

எழுதியவர்: அறைக்காற்று

செடி வையுங்கள், பார்க்க நன்றாக இருக்கும். காற்றுக்காக வேண்டாம். நாசாவின் அந்த 1989 ஆய்வு காற்றுப் புகாத சின்னப் பெட்டிகளுக்குள் நடந்தது. வீட்டில் ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு வழியாகவே அதைவிடப் பல மடங்கு வேகத்தில் காற்று மாறிக்கொண்டிருக்கும். 2019-ல் இரண்டு ஆய்வாளர்கள் பழைய சோதனைகளை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள்: சாதாரணக் கட்டடத்தில் நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடுகட்ட ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1000 செடி வேண்டும். அப்புறம் கட்டில் போட எங்கே இடம்?

எழுதியவர்: பச்சைத்தொட்டி

குறைந்தபட்சம் கெடுதல் இல்லையே.

எழுதியவர்: சுவரோரம்

ஈர மண்ணில் பூஞ்சை வராத வரைக்கும் இல்லை. அந்தப் பேச்சுக்குத்தான் வந்தேன், எங்கள் வீட்டு அனுபவம் ஈரம். பீரோவை வெளிச்சுவரோடு ஒட்டித் தள்ளி வைத்திருந்தோம், மழைக்காலம் முழுக்க அந்த அறைக்குள் ஒரு மக்கிய வாடை. பெட்டி, மெத்தை எல்லாம் வெயிலில் போட்டும் போகவில்லை. கடைசியில் பீரோவை இழுத்துப் பார்த்தால் அதன் பின்பக்கப் பலகை முழுக்கக் கறுப்புப் புள்ளிகள், விரலால் தொட்டால் கரித்தூள் மாதிரி ஒட்டுகிறது, சுவரில் பீரோவின் உயரத்துக்கு அப்படியே ஒரு நிழல் விழுந்தது போல் கறை. சுவர் குளிர்ச்சியாக இருக்கிறது, பின்னால் காற்று போக வழி இல்லை, ஈரம் அங்கேயே தங்கிவிடுகிறது. இப்போது ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருக்கிறோம், பிறகு வரவில்லை.

நனைந்த இடத்தை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவிட்டால் பூஞ்சை பிடிக்காது என்பார்கள். வந்துவிட்ட பூஞ்சையின் மேல் பெயின்ட் அடித்து மறைப்பது வீண் வேலை, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் அடித்தால் அடுத்த மழைக்குப் பெயின்டோடு உரிந்து வரும். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் மெத்தையில் உள்ள தூசிப் பூச்சியும் குறையும், வீசிங்குக்கு அது பெரிய காரணம். தலையணை உறை, போர்வையை வாராவாரம் சுடுநீரில் துவையுங்கள்.

எழுதியவர்: மாடிப்படி

எங்கள் பக்கம் காற்று வறண்டது, பிள்ளைக்காக அல்ட்ராசோனிக் ஹியூமிடிஃபையர் (தண்ணீரை நுண்துளியாக்கிக் காற்றில் விடும் கருவி) வைக்கிறோம். அதை ஓட்டினாலும் பி.எம். ஏறுகிறதே, கருவி பழுதா?

எழுதியவர்: சோதனைக்குழாய்

பாதி ஏமாற்று, பாதி உண்மை. உங்கள் கருவி லேசர் ஒளி சிதறுவதை வைத்து எண்ணுகிறது, நீர்த்துளியையும் துகள் என்றுதான் எண்ணும். ஆனால் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் அதில் கரைந்திருக்கும் உப்பும் துளியோடு பறக்கும், தண்ணீர் உலர்ந்ததும் அது உண்மையான துகள். மேசை மேல் வெள்ளைப் பொடி படிகிறதா? அதுதான். காய்ச்சி வடித்த நீர் ஊற்றுங்கள், தொட்டியைத் தினமும் காலி செய்து காயவையுங்கள். கிருமி வரக்கூடாது என்று அந்தத் தண்ணீரில் எந்த மருந்தையும் கலக்காதீர்கள். தென்கொரியாவில் ஹியூமிடிஃபையர் தண்ணீரில் ஊற்றுவதற்கென்றே விற்ற கிருமிநாசினியால் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் நுரையீரல் கெட்டு இறந்தார்கள், 2011-ல்தான் காரணம் தெரிந்து நிறுத்தினார்கள். குடித்தால் ஒன்றும் செய்யாத பொருளும் நுண்துளியாக நுரையீரலுக்குள் போனால் வேறு மாதிரி வேலை செய்யும்.

எழுதியவர்: பழையகதவு

சரி, எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் எல்லோரும் ஜன்னலைத் திற, ஜன்னலைத் திற என்கிறீர்கள். வெளியே காட்டுத்தீப் புகையோ குப்பை எரிக்கும் புகையோ இருந்தால்?

எழுதியவர்: அறைக்காற்று

நியாயமான கேள்வி. அன்றைக்குத் திறக்கக்கூடாது. வெளி எண்ணையும் உள் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து எது குறைவோ அந்தப் பக்கம் சாய வேண்டியதுதான், கண்ணை மூடிக்கொண்டு எப்போதும் திற என்பதும் தப்பு, எப்போதும் மூடு என்பதும் தப்பு. வெளியே மோசமான நாளில் வறுவலைத் தவிர்த்து வேகவைத்த சாப்பாடாகப் பார்த்துக்கொள்ளலாம். ப்யூரிஃபையர் கொடுத்த காசுக்கு உண்மையிலேயே உழைப்பது அந்த மாதிரி நாட்களில்தான்.

எழுதியவர்: உலைமூடி

வாங்குவதாக இருந்தால் இவற்றைப் பாருங்கள். ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரோமீட்டர் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும், ஆனால் வாயுவைத் தொடாது. நைட்ரஜன் டை ஆக்சைடு, ஃபார்மால்டிஹைடு எல்லாம் அதன் வழியாக ஜாலியாக நடந்து போகும். வாயுவுக்குக் கரி வடிகட்டி வேண்டும், அதுவும் மெல்லிய கறுப்புத் துணி மாதிரி இருந்தால் பேருக்குத்தான், நல்ல எடையில் கரி இருக்க வேண்டும். ஓசோன் உண்டாக்கும் எதையும் வாங்காதீர்கள். ஓசோனே நுரையீரலுக்கு ஆகாது, மேலே சோதனைக்குழாய் சொன்ன எலுமிச்சைக் கதையும் சேர்ந்துகொள்ளும்.

அளவுக்கு, அறையின் கன அளவை எடுங்கள். 4 மீட்டர், 3.5 மீட்டர், 3 மீட்டர் உயரம் என்றால் 42 கன மீட்டர். மணிக்கு ஐந்து தடவை காற்று வடிகட்டப்பட வேண்டும் என்று வைத்தால் 210 கன மீட்டர். பெட்டியில் சி.ஏ.டி.ஆர். (மணிக்கு எவ்வளவு சுத்தமான காற்று தரும் என்ற அளவு) என்று போட்டிருக்கும் எண் அதற்குக் குறையக்கூடாது, அதுவும் நீங்கள் தூங்கும்போது வைக்கும் சத்தமில்லாத வேகத்தில். முழு வேகத்தில் வரும் எண்ணைத்தான் விளம்பரத்தில் போடுவார்கள். கைவேலை பிடிக்குமென்றால் 2020-ல் கோர்சி, ரோசெந்தால் என்ற இருவர் பெயரில் பரவிய பெட்டி இருக்கிறது: நான்கு மெர்வ் 13 தர (நுண்துகளையும் பிடிக்கும் தரம்) வடிகட்டிகளைச் சதுரமாக நிறுத்தி ஒட்டி, மேலே பெட்டி மின்விசிறியை வெளிப்பக்கம் ஊதும்படி வைப்பது. அழகு கிடையாது, வேலை செய்யும்.

எழுதியவர்: தரைக்கீழ்

ஒரே வரி: தரையோடு ஒட்டிய வீடோ நிலவறையோ இருப்பவர்கள் ரேடான் என்ற கதிரியக்க வாயுவை மறந்துவிடாதீர்கள். மண்ணிலுள்ள யுரேனியம் சிதைந்து வருவது, தரை விரிசல் வழியாக ஏறும், பல நாடுகளில் புகைபிடித்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்கு அதுதான் காரணம். எல்லா மண்ணிலும் அதிகம் இருக்காது, அதற்கென்று உள்ள சோதனைப் பெட்டியை வைத்து அளந்தால்தான் தெரியும், இந்தச் சின்னக் கருவிகள் காட்டாது.

எழுதியவர்: மாடிப்படி

வறுப்பதைப் பின்பக்க பர்னருக்கு மாற்றி, சிம்னியைச் சட்டி வைப்பதற்கு முன்னாலேயே போட்டு, சமைத்து முடித்த பிறகும் கால் மணி நேரம் ஓடவிட்டு, எதிர்ப்பக்க ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துப் பார்த்தோம். உச்சம் 90-ஐத் தாண்டவில்லை, சாப்பிட்டு முடிப்பதற்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டது. எதிர் ஜன்னலைத் திறக்காமல் செய்தபோது பலன் பாதிகூட இல்லை, உள்ளே வர வழி இல்லாமல் சிம்னி எதைத்தான் இழுக்கும். ரூம் ஸ்பிரேயும் போயிற்று, வீட்டில் அதற்குத்தான் சண்டை அதிகம். ப்யூரிஃபையர் படுக்கையறைக்கு மட்டும் ஒன்று வாங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

எழுதியவர்: உலைமூடி

வாங்குங்கள். வந்ததும் பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள், வடிகட்டி பிளாஸ்டிக் உறைக்குள்தான் இருக்கும். அதைப் பிரிக்காமலே மாசக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர்.